ட்ராம் கண்டக்டர் அமாலி மேல் போட்ட வழக்கு

அமாலி ஹூப்ஃபெல்ட் ஒரே ஒரு தடவைதான் அரசாங்கத்தின் கண்ணில் பட்டாள். அதுவும் வாயால் வந்த வினை. அவள் அதைச் சொன்னபோது நான் நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை.

ஜெர்மனியில் காஸல் ஊரில் எங்கள் ட்ராம் பாதை சதுக்கத்தில் தொடங்கி, நீளமான லிண்டன் மரச் சாலை வழியாக வில்ஹெல்ம்ஸ்ஹோவே அரண்மனைத் தோட்டம் வரை போகும். எங்கள் பேரரசர் கெய்சர் வில்ஹெல்ம் கோடைக்குக் குடும்பத்தோடு வந்து தங்குகிற அரண்மனை அது. அமாலியின் புருஷன் கோன்ராட் அந்தத் தோட்டத்தில் தோட்டக்காரன். ஆகஸ்டு வந்தால் அவர்கள் வீட்டில் வேறு பேச்சே இருக்காது. கெய்சர் எந்தப் பாதையில் நடந்தார், எந்தப் பூவைப் பார்த்து நின்றார், தோட்டக்காரர்களைப் பார்த்துத் தலையசைத்தாரா இல்லையா. கோன்ராட் சொல்லச் சொல்ல அமாலி உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்பாள். சமையலறையில் கெய்சர் படம் ஒன்று சட்டம் போட்டு மாட்டியிருந்தது. வாரம் ஒரு முறை அவளே துடைப்பாள். யார் சொல்லியும் துடைக்கவில்லை, மரியாதையாகத்தான் துடைத்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்காம் வருஷம் ஆகஸ்டில் போர் வந்தது. இலை உதிர்வதற்குள் வீடு திரும்பிவிடுவீர்கள் என்று கெய்சர் படைகளிடம் சொன்னதாக ஊரெல்லாம் பேச்சு. மற்றவர்களுக்கு அது ஒரு பேச்சு. கோன்ராட்டுக்கு அப்படி இல்லை. எந்த மரம் எந்த வாரம் இலை கொட்டும் என்று விரல்நுனியில் வைத்திருந்தவன் அவன். ரயிலடியில் நின்று அமாலியிடம், "லிண்டன் அக்டோபர் பாதியில கொட்டி முடிச்சிரும். கொஞ்சம் முன்னப் பின்ன ஆகலாம். அதுக்குள்ள வந்துருவேன்" என்றானாம். பதினாறாம் வருஷம் மே மாதம் பிரான்ஸில் வெர்தூன் போர்முனையில் செத்துப்போனான்.

அதற்குப் பிறகுதான் அவள் எங்களோடு சேர்ந்தாள். ஆண்களெல்லாம் போர்முனைக்குப் போய்விட்டதால் ட்ராம் கம்பெனி பெண்களை எடுத்துக்கொண்டிருந்தது. ஒரே வாரத்தில் எனக்கும் அவளுக்கும் தொப்பியும் சட்டையும் தோல்பையும் கொடுத்தார்கள். என் சட்டை எனக்கு இறுக்கம், அவள் சட்டை அவளுக்குத் தொளதொள. மாற்றிக்கொண்டோம். அப்படித்தான் சிநேகிதம் ஆனது. அமாலி அதிகம் பேசமாட்டாள். ஆனால் பேசினால் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் மாட்டாள். சமையலறைப் படத்தை அவள் கழற்றவில்லை. துடைப்பதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

அவளுக்கு ஒரே மகன், யூஸ்டுஸ். மாட்டுக்குப் போடுகிற டர்னிப் கிழங்கைத் தவிர வேறெதுவும் கிடைக்காத அந்தப் பதினாறாம் வருஷக் குளிர்காலத்தை இருவரும் எப்படியோ தள்ளினார்கள். டர்னிப் சூப், டர்னிப் ரொட்டி, டர்னிப்பைக் கருக்கிக் காப்பி. பதினெட்டாம் வருஷம் ஜூனில் யூஸ்டுஸுக்குப் பதினெட்டு முடிந்தது. அதே மாதம் அவனையும் கூப்பிட்டுக்கொண்டார்கள். செப்டம்பர் முதல் வாரத்தில் ஒரு கடிதம் வந்தது. அப்புறம் எதுவும் வரவில்லை.

அக்டோபர் பத்தாம் தேதி மத்தியானம். அன்று என் வேலை முடிந்து, அவள் வண்டியில் ஏறி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஓட்டியவர் உம்பாக் பெரியவர். ஓய்வு பெற்றவரை ஆள் இல்லாததால் திரும்பக் கூப்பிட்டிருந்தார்கள். வண்டி நிறைய ஜனம். நாம் சமாதானம் கேட்டு அமெரிக்காவுக்கு எழுதியிருக்கிறோம் என்று பத்திரிகையில் வந்திருந்த வாரம் அது. எல்லோர் கையிலும் அதுதான், ஆனால் யாரும் வாய் திறக்கவில்லை.

வாய் திறந்தவர் எல்லன்பெர்கர். நீதிமன்ற அலுவலகத்தில் பெரிய எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைக் கழுத்துப்பட்டை, மீசை நுனி இரண்டும் மேல்நோக்கி. தினமும் இதே வண்டியில் ஏறி, இதே இருக்கையில் உட்கார்ந்து, பத்திரிகையை உரக்கப் படிப்பார். அன்று படித்து முடித்துவிட்டு, எதிரே பையில் முட்டைக்கோஸ் வைத்திருந்த ஒரு பெண்பிள்ளையைப் பார்த்துச் சொன்னார்.

"இப்பத்தான் ஜனங்க பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கணும். கெய்சர் நின்னுக்கிட்டு இருக்காரே! அவரும் ஒரு தகப்பன்தான். ஆறு பிள்ளைங்களையும் நாட்டுக்குக் குடுத்திருக்காரு."

அமாலி அந்தப் பெண்பிள்ளைக்கு டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாள். கிழித்ததைக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஆறு பேரும் உயிரோடதானே இருக்காங்க, ஐயா?"

"என்ன கேட்டீங்க?"

"குடுத்துட்டாருன்னு சொன்னீங்களே. ஆறு பேரும் நல்லாத்தானே இருக்காங்கன்னு கேட்டேன். நான் என் வீட்டுக்காரரைக் குடுத்தேன், அவரு இல்ல. மகனைக் குடுத்திருக்கேன், அவன் இருக்கானா இல்லையான்னு தெரியல. அதுக்குப் பேரு குடுக்கிறது."

"ஏம்மா, யாரைப் பத்திப் பேசுறோம்னு தெரிஞ்சு பேசு."

"தெரிஞ்சுதான்யா பேசுறேன். இதோ இந்த வண்டிய ஓட்டுறாரே உம்பாக் பெரியவரு, அவருக்கு அறுபத்தெட்டு வயசு, ஒரு கண்ணு மங்கல். ஆனா பிரேக் எங்க இருக்குன்னு அவருக்குத் தெரியும். உங்க கெய்சருக்கு வண்டியக் கிளப்பத்தான் தெரிஞ்சுது, நிறுத்தத் தெரியல. அப்படிப்பட்ட ஆளை எங்க கம்பெனியில மணி அடிக்கக்கூட வெச்சுக்க மாட்டாங்க."

பின்பக்கம் யாரோ ஒரு சிப்பாய், கையில் கட்டுப் போட்டவன், பக்கென்று சிரித்துவிட்டான். அவ்வளவுதான். முட்டைக்கோஸ் பெண்பிள்ளை சிரித்தாள், பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார், வண்டி முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். முன்னால் உம்பாக் பெரியவர் காது கேட்காமல், "என்ன பொண்ணுகளா, என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அமாலி சொன்னதைக்கூட எல்லன்பெர்கர் பொறுத்திருப்பார் என்று எனக்கு இன்றும் ஒரு நினைப்பு. அந்தச் சிரிப்பைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கினார். அது அவருடைய நிறுத்தம் இல்லை.

மூன்று நாள் கழித்து, போலீஸ்காரர் ப்ரேடே ட்ராம் கொட்டகைக்கே வந்துவிட்டார். பேரரசரை அவமதித்த குற்றம். எல்லன்பெர்கர் நாலு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். முதலில் என்னைக் கூப்பிட்டார்கள்.

"நீங்க அந்த வண்டியில இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"இந்தம்மா என்ன சொன்னாங்க?"

"மணி அடிச்சுக்கிட்டு இருந்துது. காதுல விழல" என்றேன். சிநேகிதிக்காக அப்படிச் சொன்னேனா, எனக்காகச் சொன்னேனா என்று இன்றும் யோசிப்பதுண்டு.

அமாலியைக் கூப்பிட்டபோது நான் கதவருகிலேயே நின்றேன். ப்ரேடே நல்ல மனுஷர். அவருக்கே இரண்டு பிள்ளைகள் போர்முனையில். தப்பிக்க ஒரு வழியை அவரே காட்டினார்.

"அம்மா, மகன்கிட்டேர்ந்து தகவல் இல்லேங்கிற வருத்தத்துல, கோபத்துல வாய் தவறிட்டுதுன்னு எழுதிக்கட்டுமா?"

"வாய் தவறல."

"கோபத்துலன்னாச்சும்..."

"கோபம் இல்லங்க. நிதானமாத்தான் சொன்னேன். அவரு எழுதியிருக்கிறதைப் படிங்க." ப்ரேடே படித்தார். அவள் கேட்டுவிட்டு, "ஆமா, இதேதான். ஒரு வார்த்தை கூடக் குறைய இல்ல" என்றாள்.

வெளியே வந்ததும் நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். "உனக்குப் பைத்தியமாடி? நான் எனக்குக் கேக்கலன்னு சொல்லிட்டு வந்திருக்கேன், நீ சேத்து வெச்சு ஒப்புக்கிட்டு வர்றே!"

"நீ ஏன்டி பொய் சொன்னே?" என்றாள். நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டாள்.

எங்கள் தெருவில் ஒரு வக்கீல் இருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "கோபத்துல சொன்னதுன்னா ஏதாச்சும் பண்ணலாம். நிதானமா, யோசிச்சு, வேணும்னே சொன்னேன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்களேம்மா! குறைஞ்சது ரெண்டு மாசம் ஜெயில். நீதிபதி காலையில என்ன சாப்பிட்டாருங்கிறதைப் பொறுத்து அஞ்சாறு மாசம்கூட ஆகலாம்." விசாரணை நவம்பர் பதினாலு, வியாழக்கிழமை என்று நீதிமன்றத்திலிருந்து ஓலை வந்தது.

கம்பெனி அவளை வேலையை விட்டு அனுப்பியிருக்கும். ஆனால் அந்த மாதம் விஷக்காய்ச்சல் வந்து எங்களில் பாதிப் பேர் படுக்கையில். மேலாளர், "விசாரணை வரைக்கும் வாங்க, வண்டியில வாயைத் திறக்காதீங்க" என்று சொல்லி விட்டுவிட்டார். டிக்கெட், நிறுத்தத்தின் பெயர், அதற்கு மேல் ஒரு சொல் பேசாமல் ஒரு மாதம் வண்டியில் நின்றாள். எல்லன்பெர்கர் வேறு வண்டிக்கு மாறிக்கொண்டார்.

ஜெயில் என்றால் அவளுக்குப் பயம் இல்லை என்று நினைத்திருந்தேன். அது தப்பு. ஒரு நாள் கொட்டகையில் டீத்தண்ணி குடிக்கும்போது சொன்னாள்: "லிஸ்பெட், நான் உள்ள இருக்கும்போது அவன் வந்துட்டா? கதவைத் தட்டுவான், பூட்டியிருக்கும். அம்மா எங்கேன்னு கேட்டா தெருவுல என்ன சொல்வாங்க?" அப்புறம், "இல்ல, அவன் வராம காகிதம் மட்டும் வந்தா, அதை யாரு வாங்குவா?" என்றாள். வீட்டுச் சாவியில் ஒன்றை அன்றே என்னிடம் கொடுத்தாள்.

நவம்பர் ஒன்பது, சனிக்கிழமை. காலையிலேயே ரயிலடிப் பக்கம் சிப்பாய்கள் புரட்சி என்று கையில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு நின்றார்கள். மத்தியானத்துக்கு மேல் சதுக்கத்தில் வண்டி நகரவே முடியவில்லை. ஒற்றைத் தாளில் அச்சடித்த செய்தியை ஒருவன் கத்திக்கொண்டே விற்றான். கெய்சர் முடி துறந்துவிட்டார். உம்பாக் பெரியவர் அதை ஒரு கண்ணால் மூன்று தடவை படித்தார். "முப்பது வருஷம்" என்றார். "முப்பது வருஷம் இவரு பொறந்த நாளுக்கு நான் வண்டியில கொடி கட்டியிருக்கேன்." அழுதாரா, மூக்கைத்தான் சிந்தினாரா தெரியவில்லை.

ஜனங்கள் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள், சிலர் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். அமாலி என் காதுக்குள் குனிந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அப்போ என் கேஸு?"

ஞாயிற்றுக்கிழமை கெய்சர் எல்லை தாண்டி ஹாலந்துக்குப் போய்விட்டார் என்றார்கள். திங்கட்கிழமை பதினோரு மணிக்குத் துப்பாக்கிகள் ஓய்ந்தன. நான் அவள் வீட்டுக்கு ஓடினேன். கொடியில் துணியைப் போட்டபடி நின்றிருந்தாள். "நின்னுட்டுதாடி? நிஜமா நின்னுட்டுதா?" என்று கேட்டு, ஈரத் துணியை மார்போடு வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இனிமேல் யூஸ்டுஸை யாரும் சுட முடியாது. ஏற்கெனவே சுடவில்லை என்றால்.

புதன்கிழமை பத்திரிகையில், பெர்லினில் புதிதாக ஆட்சிக்கு வந்தவர்கள் அரசியல் குற்றங்களுக்கெல்லாம் மன்னிப்பு அறிவித்திருக்கிறார்கள் என்று வந்தது. அதை எடுத்துக்கொண்டு நான் போனேன்.

"பாருடி, அரசியல் குற்றம் எல்லாம் தள்ளுபடி!"

"நான் என்னடி அரசியல் பண்ணேன்? பிரேக்கைப் பத்தித்தானே சொன்னேன்." அவள் அசையவில்லை. "என் பேரைப் போட்டு ஓலை வந்திருக்கு. போகலன்னா அதுக்கு வேற ஒரு கேஸு போடுவாங்க."

அதனால் வியாழக்கிழமை காலை போனோம். அமாலி கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு மூட்டை வைத்திருந்தாள். இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை, சீப்பு, சோப்புத் துண்டு, துணியில் சுற்றிய ரொட்டி. ஜெயிலுக்கு என்று கட்டிய மூட்டை. அன்றுதான் ராணுவத் தலைமை எங்கள் வில்ஹெல்ம்ஸ்ஹோவேக்கு மாறி வருகிறது, படைகளைத் திருப்பிக் கூட்டிவரப் போகிறது என்று தெருவெல்லாம் ஒரே பரபரப்பு. நீதிமன்றத்திலோ ஈ காக்கை இல்லை. தாழ்வாரத்தில் காலடி எதிரொலித்தது. ஒரு அறையில் மட்டும் மூக்குக்கண்ணாடி போட்ட எழுத்தர் ஒருவர் கையுறையோடு உட்கார்ந்திருந்தார். கணப்புக்குக் கரி இல்லை. அவருக்குப் பின்னால் கெய்சர் படம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பித் தொங்கியது.

நான் அதையே பார்ப்பதைக் கண்டு, "கழட்டச் சொல்லி உத்தரவு வரல. மாட்டியே வெச்சிருக்கச் சொல்லியும் உத்தரவு வரல" என்றார். "என்ன வேணும்?"

அமாலி ஓலையை நீட்டினாள். அவர் கட்டுக் கட்டாகப் புரட்டி ஒரு கோப்பை எடுத்தார். படித்தார். பிரேக் வந்த இடத்தில் என்று நினைக்கிறேன், மீசைக்குள் ஏதோ அசைந்தது.

"நீங்க ஏன்மா வந்தீங்க? இதெல்லாம் முடிஞ்சு போச்சு. பத்திரிகை பாக்கலையா?"

"பத்திரிகையில என் பேரு இல்லங்களே."

"எல்லாருக்கும் சேத்துத்தாம்மா போட்டிருக்காங்க. வழக்கு ரத்து. வீட்டுக்குப் போங்க."

"அதை எழுதிக் குடுங்க."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றி, ஒரு தாள் எடுத்து எழுதினார். முத்திரையை மையில் ஒற்றியவர் அப்படியே நிறுத்திவிட்டார். பழைய முத்திரை. அரசரின் கிரீடமும், அரசரின் நீதிமன்றம் என்ற எழுத்தும் அதில் இருந்தன.

"வேற முத்திரை இல்லம்மா. இதுலயே போடவா?"

"தெளிவா விழுந்தா சரி" என்றாள் அமாலி.

போட்டார். பிறகு பேனாவால் அந்த அரசர் என்ற சொல்லை மட்டும் ஒரு கோடு இழுத்து அடித்தார். அடித்துவிட்டுக் கதவுப்பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

வெளியே வந்து படிக்கட்டில் பாதி இறங்கினோம். அமாலி அப்படியே கல்லில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. தாளைக் கோட்டுக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டாள். மூட்டையை அவிழ்த்து ரொட்டியை எடுத்து இரண்டாகப் பிய்த்தாள்.

"பசிக்குதுடி" என்றாள். "ஒரு மாசமா பசியே தெரியல எனக்கு."

நாங்கள் தின்றோம். மரத்தூள் மாதிரி ரொட்டி. நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய் நிறைய ரொட்டியோடு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "ரெண்டு ஜோடி காலுறை எடுத்துக்கிட்டு வந்தேன் பாரு! ரெண்டு ஜோடி!" அதில் என்ன சிரிப்பு இருக்கிறது என்று தெரியாமலே நானும் சிரித்தேன். போகிற சிப்பாய்கள் எங்களைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார்கள்.

ஒரு வாரம் கழித்து எல்லன்பெர்கர் மறுபடி எங்கள் வண்டியில் ஏறினார். மீசை நுனி இறங்கியிருந்தது. அமாலி டிக்கெட் கேட்டு வந்தபோது எழுந்து நின்றார்.

"நான் பொய்யா எதுவும் எழுதலம்மா. நீங்க சொன்னதைத்தான் எழுதினேன்."

"ஆமாங்க. சரியாத்தான் எழுதியிருந்தீங்க."

"என் மூத்தவன் பதினஞ்சாம் வருஷம் போர்ல போயிட்டான்" என்றார் அவர். "அவன் போனது வீண் இல்லேன்னு யாராவது..." முடிக்கவில்லை.

"உக்காருங்க, வண்டி வளைவுல திரும்பப் போகுது" என்றாள் அமாலி. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனாள். அவரை அவள் மன்னித்தாளா என்று நான் கேட்டதில்லை.

நவம்பர் கடைசியில் யூஸ்டுஸிடமிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. பென்சிலில் மூன்று வரி. இவ்வளவு நாளும் காய்ச்சலில் ராணுவ ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறான். டிசம்பர் பதினேழாம் தேதி அவனே வந்தான். அன்று எங்களுக்குக் காலை வேலை. இரண்டு மணிக்கு அவள் வீட்டு வாசலுக்கு வந்தபோது, முற்றத்தில் விறகுக்கட்டை மேல் ஒரு நெட்டையான ஆள் கோட்டை இழுத்துப் போர்த்தியபடி உட்கார்ந்திருந்தான்.

"கிட்ட வராதம்மா" என்றான். "உடம்பு பூரா பேனு. அதான் உள்ள போகல."

அவள் நேரே போய் அவன் தலையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவன், "அம்மா, பேனு, பேனும்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நான் தண்ணீர் கொதிக்கவைக்க உள்ளே போனேன். சாயங்காலம் அவர்கள் இருவருக்கும் சேர்த்து நான்தான் மண்ணெண்ணெய் தேய்த்துத் தலை வாரினேன். எனக்கும் ஒட்டிக்கொண்டது. கிறிஸ்துமஸுக்கு மூன்று பேரும் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். அதைவிட நல்ல கிறிஸ்துமஸ் எனக்கு நினைவில்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லிவிட முடியாது. பிப்ரவரியில் ஆண்கள் திரும்பி வந்துவிட்டார்கள் என்று எங்கள் தொப்பியையும் பையையும் திரும்ப வாங்கிக்கொண்டது கம்பெனி. நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னார்கள். கோன்ராட் வெர்தூனிலேயே கிடக்கிறான், எந்த இடம் என்றுகூடத் தெரியாது. யூஸ்டுஸ் அரண்மனைத் தோட்டத்தில் அப்பா வேலையைக் கேட்டுப் போனான், கொடுத்தார்கள்.

அமாலி ஒரு வருஷம் துணி துவைத்தாள். பிறகு இருபதாம் வருஷம், அமெரிக்காவிலிருந்து குவேக்கர்கள் என்ற தரும சிந்தனையுள்ள கிறிஸ்தவ சபையார் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு அனுப்பினார்கள். அந்தச் சமையலறைக்கு ஆள் எடுத்தார்கள். அமாலி போய்ச் சேர்ந்தாள். பால் மாவும் கோகோவும் போட்ட கஞ்சி, ஒரு வெள்ளை பன். நான் ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். பெரிய அண்டா முன்னால் சட்டைக்கையை முழங்கை வரை சுருட்டிக்கொண்டு நிற்கிறாள். ஈர்க்குச்சி மாதிரி கால்களோடு பிள்ளைகள் கிண்ணம் ஏந்தி வரிசையில் வருகிறார்கள். ஒரு சின்னப் பெண் கஞ்சியை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றாள்.

"என்னம்மா வேணும்?"

"இன்னும் இருக்கா?"

அமாலி அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தாள். "நிறைய இருக்கு" என்று சொல்லி, கிண்ணம் வழிய ஊற்றினாள்.